சின்ன டார்ச்சுக்குள் பேட்டரி ஒழுகிக் கட்டை சிக்கிக்கொண்டது. காப்பாற்ற முடியுமா?

இரவுவாசி (கேள்வி)

வணக்கம். என்னிடம் ஒரு சின்ன அலுமினிய டார்ச் இருக்கிறது. ட்ரிபிள் ஏ அளவில் இரண்டு கட்டை, ஒன்றன்பின் ஒன்றாகப் போடுவது. சுவிட்ச் பின்மூடியில். சில மாதங்களாக இழுப்பறையில் சும்மா கிடந்தது. நேற்று எடுத்து அழுத்தினால் எரியவில்லை. பின்மூடியைத் திருகும்போதே மரை கரகரவென்றது. திறந்தால் ஸ்பிரிங் முழுக்க வெள்ளையாகப் பூத்திருக்கிறது. ஒரு கட்டை தட்டியதும் விழுந்துவிட்டது. அதன் தட்டையான முனையைச் சுற்றி அதே வெள்ளைப் பொடி, உறையிலும் ஈரமாக ஒரு கோடு. இன்னொன்று உள்ளே இறுகிவிட்டது, அசையவே இல்லை.

வேறு டார்ச் வாங்கலாமே என்று வீட்டில் சொல்கிறார்கள். ஆனால் இதன் முதல் நிலை வெளிச்சம் அவ்வளவு மங்கலானது. குழந்தை தூங்கும்போது மருந்துச் சீட்டைப் படிக்க அதுதான் சரியாக இருக்கும். அப்படி ஒன்று எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. அதனால் கேட்கிறேன்: உள்ளே சிக்கிய கட்டையை எப்படி எடுப்பது? அந்தப் பொடியைத் தொடலாமா? எதால் கழுவுவது?

கைவேலை

வினிகரில் பட்ஸைத் தோய்த்துத் துடையுங்கள். நுரைத்துக்கொண்டு வந்துவிடும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

மலைப்பாதை

பேட்டரிக்குள் இருப்பது ஆசிட் அல்லவா? அதில் போய் வினிகரை ஊற்றினால் எப்படி? சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்துத் துடைப்பதுதான் முறை என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

சாலிடர்கை

இரண்டு பேர் சொன்னதும் சரிதான், ஆனால் வேறு வேறு கட்டைக்கு. முதலில் விழுந்த கட்டையின் உறையைப் பாருங்கள். 'ஆல்கலைன்' என்று போட்டிருந்தால் உள்ளே இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. அது காரம், அமிலம் இல்லை. அதற்கு வினிகர், எலுமிச்சைச் சாறு மாதிரி மெல்லிய அமிலம் வேண்டும். பழைய வகை துத்தநாக-கார்பன் கட்டையில் அம்மோனியம் குளோரைடோ துத்தநாக குளோரைடோ இருக்கும். அது அமிலப் பக்கம், அதற்குத்தான் சோடா. அந்த வகையில் வெளிக்கூடே துத்தநாகம். மின்சாரம் கொடுக்கக் கொடுக்கக் கூடு அரித்து மெலிந்து, கடைசியில் பொத்துக்கொண்டு பழுப்பாகப் பிசுபிசுவென்று வழியும். நீங்கள் சொல்வது வெள்ளைப் பூப்பு, அதுவும் தட்டையான முனையிலிருந்து கிளம்பியது. பெரும்பாலும் ஆல்கலைன்தான்.

ஏன் அந்த முனை என்றால், ஆல்கலைன் கட்டையில் எஃகுக் கூடு நேர்முனை. எதிர்முனையில் உள்ள மூடியைக் கூட்டோடு சேர்ப்பது ஒரு பிளாஸ்டிக் அடைப்பு. உள்ளே துத்தநாகம் அரிக்கும்போது ஹைட்ரஜன் வாயு உண்டாகும். அழுத்தம் ஏறினால் கட்டை வெடித்துவிடக்கூடாது என்று அந்த அடைப்பில் ஒரு இடத்தை வேண்டுமென்றே மெல்லியதாக விட்டிருப்பார்கள். அது கிழிந்து வாயு வெளியேறும், காரமும் கூடவே வரும். வெளிக்காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து அது பொட்டாசியம் கார்பனேட்டாக மாறுகிறது. நீங்கள் பார்க்கிற வெள்ளைப் பொடி பெரும்பாலும் அதுதான்.

காய்ந்த பொடி அவ்வளவு பயப்பட வேண்டிய பொருள் இல்லை. பயப்பட வேண்டியது அந்த ஈரக் கோடு. அது இன்னும் மாறாத ஹைட்ராக்சைடாக இருக்கலாம். விரலில் பட்டால் சோப்பு மாதிரி வழுக்கும். தோலில் உள்ள கொழுப்பைக் கரைக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். உடனே ஓடுகிற தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். தோலில் பட்டதற்கு வினிகர் தேய்க்க வேண்டாம், தண்ணீர் போதும். கண்ணில் தெறித்தால் குறைந்தது 15 நிமிடம் விடாமல் தண்ணீர் விட்டுக் கழுவி, அப்படியே மருத்துவரிடம் போய்விட வேண்டும். காரம் கண்ணுக்குள் ஆழமாக இறங்கும், வலி குறைந்துவிட்டதே என்று விடக்கூடாது. அதனால் கையுறை மட்டும் பத்தாது, கண்ணுக்கும் கண்ணாடி வேண்டும். குழந்தையை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

சரி, சிக்கிய கட்டை. தலைப்பகுதி, அதாவது எல்.இ.டி. இருக்கிற பக்கம், தனியாகக் கழல்கிறதா என்று முதலில் பாருங்கள். நிறைய டார்ச்சில் கழலும், பசை போட்டு இறுக்கியிருப்பதால் கழலாத மாதிரி தெரியும். பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டித் தலைக்கு ஒன்று, உடம்புக்கு ஒன்று சுற்றிப் பிடித்துத் திருகினால் பிடி கிடைக்கும். இடுக்கியால் நேராகப் பிடிக்காதீர்கள், குழாய் நெளிந்தால் கட்டை இன்னும் இறுகும். பசையை இளக்குவதற்காகச் சூடு காட்டவே கூடாது, உள்ளே கட்டை இருக்கிறது.

தலை கழன்றுவிட்டால் முக்கால் வேலை முடிந்த மாதிரி. குழாயை நிறுத்தி, வெதுவெதுப்பான தண்ணீரை இரண்டு பக்கமும் விட்டு ஊறவையுங்கள். பலரும் எடுத்ததும் வினிகருக்குப் போகிறார்கள். பொட்டாசியம் கார்பனேட் தண்ணீரிலேயே தாராளமாகக் கரையும், அந்த வேலைக்குத் தண்ணீர் போதும். தண்ணீரில் கரையாதது துத்தநாகத்தின் ஆக்சைடும் கார்பனேட்டும். ஸ்பிரிங்கில் ஓடு மாதிரி ஒட்டியிருப்பது அது. அதற்குத்தான் வினிகர். தண்ணீரில் ஊறியதும் முன்பக்கமிருந்து ஒரு மரக்குச்சியால், பென்சில் தடிமன் இருந்தால் போதும், மெதுவாக அழுத்தித் தள்ளுங்கள். தள்ள வேண்டிய திசை பின்மூடிப் பக்கம்.

தலை கழலவே இல்லையென்றால் கொஞ்சம் சங்கடம். ஊற்றுகிற தண்ணீர் எல்லாம் முன்னால் உள்ள மின்சுற்றுத் தகட்டில் போய் நிற்கும். அப்போது டார்ச்சை, திறந்த வாய் கீழ்நோக்கி இருக்கிற மாதிரி சாய்த்துப் பிடித்து, சிரிஞ்சால் கட்டையின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். கொஞ்சம் விட்டு, மேசைமேல் விரித்த தடித்த துணியில் தட்டி, மறுபடி விட்டு, மறுபடி தட்டி. பொறுமைதான் வேண்டும்.

இரண்டு விஷயம் செய்யாதீர்கள். ஒன்று, ஆணியையோ திருகாணியையோ கட்டையில் இறக்கி இழுப்பது. எதிர்முனை வழியாக இறக்கினால் அந்த அடைப்பையே குத்திக் கிழிக்கிறோம். நேர் கீழே காரத்தோடு பிசைந்த துத்தநாகக் கூழ் இருக்கிறது, அது முகத்துக்கு நேராக வரும். இன்னொன்று, வினிகர் விட்டு நுரைக்கும்போது பின்மூடியைத் திருகி மூடுவது. நுரை என்பது கார்பன் டை ஆக்சைடு. அதோடு, காரம் அலுமினியத்தைத் தின்னும்போது ஹைட்ரஜனும் வரும். வாய் திறந்தே இருக்கட்டும், பக்கத்தில் நெருப்பு வேண்டாம்.

அலுமினியத்தைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். டார்ச்சின் உடம்பில் போட்டிருக்கிற வண்ணப்பூச்சு மாதிரியான அந்தக் கடினப்படலம் அலுமினிய ஆக்சைடு. துரு, வியர்வை, கீறல் எல்லாவற்றையும் தாங்கும், காரத்தைத் தாங்காது. கட்டை குழாயோடு இறுகிப்போவதற்குப் பொடி மட்டும் காரணம் இல்லை, குழாயின் உள்சுவரே அரித்து உப்பியிருக்கும். அதனால் இன்றைக்கே செய்யுங்கள், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று வைக்க வேண்டாம்.

இரவுவாசி

ரொம்ப நன்றி. ஆல்கலைன்தான், உறையில் போட்டிருக்கிறது. சைக்கிள் டியூப் யோசனை வேலை செய்தது, தலை கழன்றுவிட்டது. தண்ணீரில் ஊறவைத்துத் தள்ளியதில் கட்டை வழுக்கிக்கொண்டு வந்தது. உறை கிழிந்து உப்பியிருந்தது. ஸ்பிரிங்கை வினிகரால் துடைத்தேன், நுரைத்து ஓடியது. இப்போது ஸ்பிரிங் நுனியில் மட்டும் கறுப்பாக ஒரு புள்ளி.

புதுக் கட்டை போட்டதும் எரிகிறது! மங்கலான நிலை நன்றாக இருக்கிறது. ஆனால் பெரிய வெளிச்சத்துக்கு மாற்றினால் மினுக்கி மினுக்கி, மறுபடி மங்கலுக்கே வந்துவிடுகிறது. சுற்றுத் தகடு கெட்டுவிட்டதா?

சாலிடர்கை

மங்கலில் ஒழுங்காக எரிவது நல்ல செய்தி. தகடு கெட்டிருந்தால் பெரும்பாலும் இப்படி நடக்காது. இது எங்கோ ஓர் இடத்தில் தொடுகை சரியில்லை என்பதன் அடையாளம். மங்கல் நிலையில் ஓடுவது மிகச் சின்ன மின்னோட்டம், அழுக்கான தொடுகையிலும் தப்பித்துப் போய்விடும். பெரிய வெளிச்சத்துக்கு 300 மில்லி ஆம்பியர் வேண்டுமென்று வையுங்கள். வழியில் ஒரு ஓம் தடை இருந்தால் 0.3 வோல்ட் அங்கேயே போய்விடும். இரண்டு கட்டைக்கும் சேர்த்து 3 வோல்ட்தான் இருக்கிறது. மின்னழுத்தம் விழுந்ததைப் பார்த்த சுற்று, கட்டை தீர்ந்துவிட்டது என்று நினைத்து மங்கலுக்கு இறங்குகிறது.

எந்த இடம் என்று கண்டுபிடிக்கச் சுலபமான வழி உண்டு. பின்மூடியை முழுக்கக் கழற்றி வைத்துவிடுங்கள். கட்டைகள் உள்ளேயே இருக்கட்டும். ஒரு துண்டுச் செம்புக் கம்பியை எடுத்து, ஒரு நுனியைப் பின்கட்டையின் தட்டையான முனையிலும் மறுநுனியைக் குழாயின் வாய் விளிம்பிலும் அழுத்துங்கள். இப்போது பெரிய வெளிச்சம் நிலையாக எரிந்தால் கோளாறு பின்மூடிக்குள். அப்போதும் மினுக்கினால் தலைப்பக்கம். மல்டிமீட்டர் இருந்தால் கம்பிக்குப் பதில் அதையே ஆம்பியர் நிலையில் வைத்துத் தொடலாம், எவ்வளவு இழுக்கிறது என்றும் தெரிந்துவிடும்.

என் ஊகம் பின்மூடிதான். ஆல்கலைன் காரத்துக்கு ஒரு குணம் உண்டு. எதிர்முனையோடு தொடர்புள்ள உலோகத்தின்மேல் மெல்லிய படலமாக ஊர்ந்து ஏறும், ஈர்ப்புவிசைக்கு எதிராகக்கூட. அதனால் கண்ணுக்குத் தெரிகிற ஸ்பிரிங் சுத்தமானாலும் அதன் அடித்தளம் வரை போயிருக்கும். பின்மூடிக்குள் ஸ்பிரிங்கைச் சுற்றி ஒரு வளையம் தெரிகிறதா? அதில் எதிரெதிரே இரண்டு சின்னத் துளையோ வெட்டோ இருக்கும். கூர்முனை உள்ள இடுக்கியை விரித்து அந்த இரண்டிலும் ஊன்றித் திருப்புங்கள். வளையம் வெளியே வந்தால் ஸ்பிரிங், சுவிட்ச், ரப்பர் பொத்தான் எல்லாம் வரிசையாக வரும். வந்த வரிசையிலேயே ஒரு வெள்ளைத் துணியில் அடுக்கிவிட்டு ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த வளையத்தின் மரையில்தான் மிச்சம் நிறைய நிற்கும். பல் குத்தும் குச்சியை வினிகரில் நனைத்து மரையின் பள்ளம் வழியாகவே சுற்றி வாருங்கள். குச்சியின் நுனியில் சாம்பல் நிறத்தில் பசை மாதிரி சேரும். நுனியை ஒடித்துவிட்டுப் புது நுனியால் மறுபடி. நிறம் வராமல் போகும் வரை செய்ய வேண்டும். பழைய பல்பிரஷ் இங்கே நுழையாது.

அப்புறம், வினிகரை அப்படியே விட்டுவிடக்கூடாது. அதுவும் அமிலம்தானே, அதுவே அரிக்கும். சுத்தமான தண்ணீரில், முடிந்தால் காய்ச்சி வடித்த நீரில், அலசுங்கள். கடைசியாக ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், 90 சதவீதத்துக்கு மேல் உள்ளதாக இருந்தால் நல்லது. அது ஓரத்தில் ஒளிந்திருக்கும் தண்ணீரையும் கூட்டிக்கொண்டு ஆவியாகிவிடும். சுவிட்சை மட்டும் தண்ணீரில் முக்காதீர்கள், ஆல்கஹால் தொட்ட பட்ஸால் துடைத்தால் போதும். ஒரு நாள் முழுக்கத் திறந்தே காயட்டும்.

கறுப்புப் புள்ளி நிக்கல் முலாம் போன இடம். பென்சில் அழிக்கிற ரப்பரால் தேய்த்துப் பாருங்கள், பளபளப்பு வந்தால் சரி. வராவிட்டால் மிக நைசான உப்புத்தாளால் லேசாக, அந்தப் புள்ளியில் மட்டும். ஸ்பிரிங் மஞ்சளாகத் தங்க முலாம் பூசியதாக இருந்தால் உப்புத்தாள் பக்கமே போகக்கூடாது, அந்த முலாம் அவ்வளவு மெல்லியது. தேய்த்தபின் அடியில் இருக்கும் எஃகு வெளியே தெரிந்தால் சீக்கிரம் துரு பிடிக்கும். சாலிடரிங் அயர்ன் இருந்தால் அந்த நுனியில் ஒரு சொட்டு ஈயம் உருக்கி மெல்லிய படலமாகப் பூசிவிடுங்கள், பல வருஷம் தாங்கும்.

கட்டை கழற்றிய குழாயின் வாய் விளிம்பையும் மறக்க வேண்டாம். மின்சாரம் அந்த வட்ட விளிம்பு வழியாகத்தான் போகிறது, அங்கே படலம் இல்லாத வெறும் அலுமினியம். அதையும் அழிக்கிற ரப்பரால் ஒரு சுற்றுத் தேய்த்துவிடுங்கள். மரையில் உள்ள கறுப்பு ஓ-ரிங்கைக் கழற்றித் துடைத்து, சிலிக்கான் கிரீஸ் கொஞ்சம் தடவிப் போடுங்கள். எந்த ரப்பர் என்று தெரியாதபோது வாஸ்லின் மாதிரி பெட்ரோலியப் பசை வேண்டாம், சில வகை ரப்பர் அதில் ஊதிப்போகும்.

மலைப்பாதை

காரம்-அமிலம் விஷயத்தைத் தெளிவுபடுத்தியதற்கு நன்றி. எனக்கு ஒரு சந்தேகம். அப்பா காலத்து டார்ச்களில் கட்டை இவ்வளவு ஒழுகவில்லை என்று பெரியவர்கள் சொல்கிறார்களே, உண்மையா? இன்னொன்று, கட்டையை மேசையில் நிமிர்த்திப் போட்டால் துள்ளினால் தீர்ந்தது, துள்ளாமல் நின்றால் புதிது என்கிறார்களே? மலைக்குப் போகும்போது அப்படிப் பார்த்துத்தான் எடுத்துப்போகிறேன்.

சாலிடர்கை

ஆல்கலைன் கட்டைக்கு அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. முன்பு துத்தநாகத்தோடு பாதரசம் சேர்ப்பார்கள். அது வாயு உண்டாவதை நன்றாகவே அடக்கியது. பாதரசம் மண்ணுக்கும் தண்ணீருக்கும் நஞ்சு என்பதால் 1990களில் அதை நீக்கினார்கள், அமெரிக்காவில் 1996-ல் சட்டமே வந்தது. நீக்கியது நல்லதுதான், எனக்கு அதில் இரண்டு கருத்து இல்லை. வாயுவை அடக்கும் வேலையை இப்போது வேறு உலோகக் கலவைகளும் சுத்தமான துத்தநாகமும் செய்கின்றன. பழைய துத்தநாக-கார்பன் கட்டைகள் மட்டும் அன்றைக்கும் தாராளமாக ஒழுகின.

துள்ளல் சோதனையை நம்பி மலைக்குப் போகாதீர்கள். 2015-ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் இதை முறையாக ஆராய்ந்தார்கள். உள்ளே துத்தநாகம் ஆக்சைடாக மாறி இறுகுவதால்தான் துள்ளுகிறது. ஆனால் பாதி மின்சாரம் மிச்சமிருக்கும்போதே துள்ளல் உச்சத்துக்குப் போய்விடுகிறது. அதனால் துள்ளினால் புதிதில்லை என்று மட்டும் சொல்லலாம், தீர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. மல்டிமீட்டரில் புது ஆல்கலைன் கட்டை 1.5 வோல்ட்டுக்கு மேலேயே காட்டும்.

ஒழுகாமல் தடுக்க என்னைக் கேட்டால் ஒன்றைத்தான் அழுத்திச் சொல்வேன்: பழையதையும் புதியதையும் சேர்த்துப் போடாதீர்கள். வரிசையாக இருக்கும் இரண்டில் பலவீனமானது முதலில் தீரும். நல்லது இன்னும் மின்னோட்டத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். தீர்ந்த கட்டையின் துருவம் தலைகீழாகிவிடும், உள்ளே ஹைட்ரஜன் குவியும். பல எல்.இ.டி. டார்ச்சுகளில் இது இன்னும் அதிகம், ஏனென்றால் உள்ளே இருக்கும் சுற்று கட்டை 0.9 வோல்ட் வரை விழுந்தாலும் உறிஞ்சி எடுத்து வெளிச்சம் கொடுத்துக்கொண்டிருக்கும். பழைய குமிழ் பல்பு மாதிரி மங்கி நமக்குச் சொல்லாது. மின்னணு சுவிட்ச் உள்ளவை அணைத்திருக்கும்போதும் சொற்பமாக உறிஞ்சும்.

இரவுவாசி

பின்மூடிதான்! கம்பியால் தொட்டதும் பெரிய வெளிச்சம் அப்படியே நின்றது. வளையத்தின் மரையில் நீங்கள் சொன்ன சாம்பல் பசை நிறையவே வந்தது. ஆல்கஹால் போட்டுக் காயவைத்திருக்கிறேன். இனி எந்தக் கட்டை போடலாம்? ஒழுகிய இரண்டையும் என்ன செய்வது? கழுவிய தண்ணீரைத் தொட்டியில் ஊற்றலாமா?

கைவேலை

நான் நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜ் கட்டைக்கு மாறிவிட்டேன். 1.2 வோல்ட்தான், ஆனால் டார்ச் பிரமாதமாக எரிகிறது.

சாலிடர்கை

கைவேலை சொன்னது தினமும் எடுக்கிற டார்ச்சுக்கு நல்ல வழி. சும்மா வைத்தால் சீக்கிரம் இறங்காத வகை என்று பார்த்து வாங்குங்கள். ஒழுகுவது அரிது. எப்போதாவது எடுக்கிற டார்ச்சுக்கு 1.5 வோல்ட் லித்தியம் கட்டை, அதாவது லித்தியம்-இரும்பு டைசல்பைடு வகை. விலை கூடுதல், எடை குறைவு, வருஷக்கணக்கில் சும்மா இருந்தாலும் ஆல்கலைன் மாதிரி ஒழுகாது. புதிதாக இருக்கும்போது 1.8 வோல்ட் வரை காட்டும், உங்கள் டார்ச் அதை ஏற்குமா என்று அதன் குறிப்புத்தாளில் பார்த்துக்கொள்ளுங்கள். இதே அளவில் 10440 என்று எண் போட்ட லித்தியம்-அயான் கட்டையும் வரும். அது 3.7 வோல்ட். இரண்டைப் போட்டால் சுற்றுத் தகடு அங்கேயே முடிந்துவிடும். அளவு ஒத்துப்போகிறதே என்று எடுத்துவிடாதீர்கள்.

கழுவிய தண்ணீரும் வினிகரும் கொஞ்சம்தான் இருக்கும், நிறையத் தண்ணீர் விட்டு ஊற்றிவிடலாம். தொட்டியையும் ஒருமுறை அலசிவிடுங்கள். ஒழுகிய கட்டைகளை, விழுந்தது சிக்கியது இரண்டையுமே, மறுபடி எதிலும் போட வேண்டாம். ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, குழந்தைக்கு எட்டாத இடத்தில் வைத்து, பழைய பேட்டரி வாங்கிக்கொள்கிற இடத்தில் கொடுத்துவிடுங்கள். நெருப்பில் போடக்கூடாது. துடைத்த பட்ஸ், குச்சி, கையுறையை வேறொரு பையில் கட்டி வீட்டுக் குப்பையில் போடலாம்.